வலது பக்க இருக்கைக்கு மாறுகிறவர்கள்

1944 அக்டோபர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜெஃபர்சன் சிட்டி என்றொரு சிற்றூர். போர்க்காலப் பணிக்குப் போய்விட்ட கணவருக்குப் பதிலாகச் சலவைக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்த எவலின் பிரையனுக்கு 35 வயது நிறைய ஒரு மாதமே பாக்கி. கல்லூரியில் படித்தவர், சில காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, விமானம் ஓட்டக் கற்றுத்தரப்படும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டார்.

போய்ச் சேருவதே பெரும்பாடு. ரயிலில் நாக்ஸ்வில் நகரம், அங்கிருந்து பஸ், பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து கால் மைல் நடை, நடை முடிந்த இடத்தில் ஆறு. விமானத் தளம் ஆற்றின் நடுவே ஒரு தீவில் இருந்தது. கடைசிக் கட்டத்தைத் துடுப்புப் படகில்தான் கடக்க வேண்டும்.

நவம்பர் 4-ஆம் தேதி அவருக்கு 35 வயது நிறைந்தது. 8-ஆம் தேதி, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாக விமானத்தை ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, பத்திரமாக இறக்கினார். அடுத்த ஆண்டு தனியார் விமானி உரிமம். 1946-இல் வணிக விமானி உரிமம். 1947-இல், 37 வயதில், விமானப் பயிற்றுநர்.

அதன்பிறகு நடந்ததை எண்களில் சொன்னால்தான் நம்ப முடியும். ஏறத்தாழ 5,000 பேருக்கு அவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அரசு அங்கீகாரம் பெற்ற தேர்வாளராக 9,000-க்கும் அதிகமான உரிமத் தேர்வுகளை நடத்தினார். மாரிஸ்டவுன் என்ற ஊரின் சிறு விமான நிலையத்துக்கு 1953-இலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேலாளர். தொண்ணூறைத் தாண்டியும் மாணவர்களோடு பறந்தார். கண் அழுத்த நோயும், 2006-இல் கார் விபத்தில் ஒரு காலை இழந்ததும்தான் அவரைத் தரையில் நிறுத்தின. 2012-இல் தம் 102-ஆவது வயதில் மறைந்தபோது, பறந்த நேரத்தைப் பதிந்துவைக்கும் அவருடைய லாக் புக்கின் கணக்கு 57,635 மணி நேரம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆயுளில் ஆறரை ஆண்டுகளை முழுக்க முழுக்க வானத்திலேயே கழித்திருக்கிறார். பெண் விமானிகளில் இதுவே உலக சாதனை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மாமா பேர்ட்’. தாய்ப்பறவை என்று பொருள்.

எவலின் ஜான்சன் (மறுமணத்துக்குப் பின் அவர் பெயர் அப்படித்தான் நிலைத்தது) பிறவி மேதையாக வந்தவர் இல்லை. கடை, கணக்கு, வாடிக்கையாளர் என்று வாழ்க்கை ஒரு தடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது நடுவழியில் இறங்கி வேறு வண்டி ஏறியவர். விமானப் பயிற்றுநர் ஆவது இளைஞர்கள் காரியம் என்று நினைப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

1,500 மணி நேரக் கணக்கு

இன்று அமெரிக்காவில் ஏதாவதொரு பறப்புப் பள்ளிக்குள் நுழைந்தால், பயிற்றுநர் சீருடையில் நிற்பவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞராகவே இருப்பார். இதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு.

2009 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 எண் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தனர். இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடினார்கள். 2010-இல் சட்டம் வந்தது. 2013-இல் விதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை வணிக விமானி உரிமமும் 250 மணி நேர அனுபவமும் இருந்தாலே ஒருவர் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர முடிந்தது. புதிய விதிப்படி, பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

250-க்கும் 1,500-க்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது? சொந்தக் காசில் அத்தனை மணி நேரம் பறக்கப் பெரும்பாலோரால் முடியாது. ஆகவே இளம் விமானிகள் பயிற்றுநர் ஆகிறார்கள். மாணவர் காசு கொடுக்கிறார். பயிற்றுநரின் லாக் புக்கில் மணிகள் ஏறுகின்றன. 1,500-ஐத் தொட்டதும் விமான நிறுவனம் அழைக்கிறது, போய்விடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. பெரும் கடன் வாங்கிப் படித்த பிள்ளைகள் அவர்கள். பொறுப்பாகக் கற்றுக்கொடுப்பவர்களும் ஏராளம். ஆனால் நஷ்டம் மாணவருக்கு. தரையிறக்கம் கைகூடி வரும் நேரத்தில் ஆசிரியர் மாறிவிடுவார். புதிதாக வருபவர் தம் கண்ணால் பார்க்காமல், மாணவர் தயார் என்று கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. பழைய பாடங்கள் மறுபடி ஓடும். ஒவ்வொரு மணியும் பணம். அமெரிக்க விமானிகள் சங்கமான ஏஓபிஏ, பயிற்சியில் சேர்கிறவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேர் உரிமம் பெறாமலே நின்றுவிடுகிறார்கள் என்று பல காலமாக எச்சரித்து வருகிறது. பணம், நேரம், குடும்பம் என்று காரணங்கள் பல. ஆசிரியர் மாறிக்கொண்டே இருப்பது அவற்றில் சின்னக் காரணம் இல்லை.

பிற்காலத்தில் பயிற்றுநராகிறவர்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. அறுபது வயதில், பயிற்றுநருக்குரிய வலது பக்க இருக்கையில் வந்து அமரும் மனிதருக்கு அடுத்த வேலைக்கு ஓடும் அவசரம் கிடையாது. மாணவரைத் தொடக்கத்திலிருந்து உரிமம் வரை கூடவே இருந்து கரை சேர்ப்பார்.

வயதுக்கு மேல் வரம்பு இல்லை

அமெரிக்க விதி பயிற்றுநருக்குக் குறைந்தபட்ச வயதை மட்டுமே சொல்கிறது: 18. மேல் வரம்பு எதுவும் இல்லை. வணிக விமானி உரிமம் வேண்டும். மேகத்துக்குள்ளும் மங்கலான வானிலையிலும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி வேண்டும். இரண்டு எழுத்துத் தேர்வுகள், அதன்பின் நேர்முக, செய்முறைத் தேர்வு.

ஐம்பது வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிற ஒருவருக்கு இது எவ்வளவு காலம் பிடிக்கும்? முதல் உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40 மணி நேரம். வணிக உரிமத்துக்கு மொத்தம் 250. வேலையை விடாமல், சனி ஞாயிறில் வாரம் இரண்டு மணி நேரம் பறந்தால் 125 வாரங்கள். வானிலை கெட்ட நாட்களையும் வீட்டு விசேஷங்களையும் கழித்துவிட்டால் மூன்று, மூன்றரை ஆண்டுகள். ஒரு பட்டப்படிப்பு முடிக்கிற காலம்தான்.

இப்படி வருகிறவர்கள் ஒரே வகையினர் இல்லை. பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர்கள் ஒரு சாரார். அமெரிக்காவில் அவர்களுக்கான ஓய்வு வயது 2007 டிசம்பர் வரை 60-ஆக இருந்தது. பிறகு 65 ஆனது. 65-ஆம் பிறந்தநாளோடு பெரிய ஜெட் விமானத்தின் கதவு சாத்தப்படும். சிறு விமானத்தின் கதவு திறந்தே இருக்கும்.

இன்னொரு சாரார், ஆசிரியத் தொழிலிலிருந்து வருகிறவர்கள். இவர்களுக்கு விதியிலேயே ஒரு மரியாதை இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு எழுத்துத் தேர்வுகளில் ஒன்று, கற்பித்தலின் அடிப்படைகள் பற்றியது. ஏழாம் வகுப்பு அல்லது அதற்கு மேல் கற்பிக்கச் செல்லுபடியாகும் மாநிலச் சான்றிதழ் வைத்திருக்கும் பள்ளி ஆசிரியரும், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் கற்பிப்பவரும் அந்தத் தேர்வை எழுதத் தேவையில்லை. வகுப்பறையில் கழித்த காலத்தை விமானத் துறை தகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது.

அந்தப் பாடத்தில் ஏறக்குறைய விமானமே கிடையாது என்பதுதான் வியப்பு. மனிதன் எப்படிக் கற்கிறான், எதைக் கண்டு பயப்படுகிறான், பயம் எந்த வேடத்தில் வெளியே வரும் என்பதெல்லாம்தான் அதில் இருக்கிறது. எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் வகுத்து, பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட கற்றல் விதிகள் அதில் முக்கியமானவை. முதன்முதலில் கற்றது ஆழமாகப் பதியும் என்பது அவற்றில் ஒன்று. முதல் வாரத்தில் தப்பாகக் கற்ற தரையிறக்கத்தை முப்பதாவது வாரத்தில் திருத்துவது எவ்வளவு கடினம் என்று எந்தப் பயிற்றுநரைக் கேட்டாலும் சொல்வார்.

கை மாறுகிறது, கண் மாறுகிறது

சிறு பயிற்சி விமானத்தின் காக்பிட்டை நினைத்துப் பாருங்கள். உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172-ஐயே எடுத்துக்கொள்ளலாம். 1956-இல் விற்பனைக்கு வந்தது. 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கின்றன. முன்னால் தோளோடு தோள் உரச இரண்டு இருக்கைகள். மாணவர் இடது பக்கம், பயிற்றுநர் வலது பக்கம்.

பயிற்றுநர் ஆக விரும்புகிறவர் அதுவரை பறந்த மணிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இடது பக்கத்தில் உட்கார்ந்தே கழித்திருப்பார். அங்கே இடது கை விமானத்தைத் திருப்பும். வலது கை இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும். வலது பக்கம் மாறி உட்கார்ந்ததும் இரண்டும் தலைகீழ். கைகள் பல ஆண்டுகளாகப் பழகியதை மறந்து புதிதாகக் கற்க வேண்டும். வேகமானி இப்போது எதிர்ப்பக்கம், சாய்வாகத் தெரிகிறது. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவே பழக வேண்டும். ஓடுபாதையின் நடுக்கோடு கண்ணுக்கு வேறு இடத்தில் விழுகிறது. நேராக இறங்குகிறோம் என்று நினைத்தால், சக்கரம் தரையைத் தொடும்போது மூக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்கும். ஆயிரக்கணக்கில் தரையிறக்கியவர்களும் முதல் சில நாட்கள் இங்கே தடுமாறுவார்கள்.

ஓய்வுபெற்ற கேப்டன்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பெரிய ஜெட் விமானத்தில் விமானி தரையிலிருந்து வெகு உயரத்தில் அமர்ந்திருப்பார். அந்த உயரத்துக்குப் பழகிய கண், சிறு விமானத்திலும் சீக்கிரமே மூக்கைத் தூக்கச் சொல்லும். விமானம் தரைக்கு மேலே மிதந்து, வேகம் செத்து, தொப்பென்று விழும். பாதங்களும் சோம்பியிருக்கும், மூக்கை நேராக வைத்திருக்கும் ரடர் வேலையில் பெரும்பகுதியை ஜெட்டில் இயந்திரமே பார்த்துக்கொண்டது. இங்கே ஒவ்வொரு நொடியும் கால்கள் விழித்திருக்க வேண்டும். அனுபவசாலி மறுபடி மாணவராகும் இந்தக் கட்டத்தைப் பொறுமையோடு கடப்பவர்களே நல்ல பயிற்றுநர் ஆகிறார்கள்.

இந்தப் பயிற்சிகளில் உடம்பைச் சோதிப்பது ‘ஸ்பின்’. விமானம் தேவையான காற்றுப் பிடிப்பை இழந்து, ஒரு இறக்கை மற்றதைவிட அதிகமாகத் தொய்ந்து, பம்பரம்போலச் சுற்றிக்கொண்டே கீழே இறங்குவதுதான் ஸ்பின். சாதாரண விமானி உரிமத்துக்கு அமெரிக்காவில் 1949 முதல் இது கட்டாயமில்லை. பயிற்றுநருக்கு மட்டும் கட்டாயம். மாணவர் தவறிப்போய் விமானத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் மீட்க வேண்டியவர் அவர்தானே. விசையைக் குறை, சிறகு மடல்களை நேராக்கு, சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரடரை முழுக்க மிதி, மூக்கைக் கீழே தள்ளு. இதே வரிசையில், பதறாமல். கண்ணாடிக்கு வெளியே வயலும் மரமும் வட்டமாகச் சுழலும்போது, கைகால்களை இயக்கிக்கொண்டே வாயால் பாடமும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு உட்காது கலங்கித் தலைசுற்றல் சற்று அதிகமாகவே வரலாம். ஒரே நாளில் முடிக்காமல் பிரித்துச் செய்வது நல்லது.

கடைசித் தேர்வு விமானத்துக்கு வெளியே, மேசையில் தொடங்குகிறது. தேர்வாளர் ஒன்றும் தெரியாத மாணவர்போல உட்கார்ந்திருப்பார். விமானம் ஏன் பறக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து அவருக்குப் பாடம் எடுக்க வேண்டும். கேள்வி நேரம் மட்டுமே ஐந்தாறு மணி நேரம் நீள்வது சாதாரணம். அதன்பிறகே வானம். எல்லா விமானித் தேர்வுகளிலும் கடினமானது இதுதான் என்று விமானிகள் சொல்வது மிகையில்லை. ஓட்டத் தெரிந்தால் போதாது. ஓட்டுவதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

கையெழுத்தின் எடை

பயிற்றுநரின் வேலையில் கனமான நொடி, வானத்தில் வருவதில்லை. ஒருநாள் ஓடுபாதை ஓரத்தில் விமானத்தை நிறுத்தச் சொல்லி, மாணவரின் லாக் புக்கை வாங்கி, இவர் தனியாகப் பறக்கத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்திட்டு, கதவைத் திறந்து இறங்கிவிடுவார். அந்த அனுமதி 90 நாள் செல்லும். அந்தப் பதிவைப் பயிற்றுநர் மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். விமானம் உருண்டு, எழும்பி, சின்னதாகிப் போவதைப் புல்தரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தனியாகப் பறந்து திரும்பும் மாணவரின் சட்டையைப் பின்பக்கம் கத்தரித்து, தேதி எழுதிச் சுவரில் மாட்டும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. ரேடியோ இல்லாத பழைய விமானங்களில் ஆசிரியர் பின்னால் அமர்ந்திருப்பார். முன்னால் இருக்கும் மாணவரைக் கூப்பிடச் சட்டை வாலைப் பிடித்து இழுப்பார். தனியாகப் பறந்துவிட்டவரை இனி இழுக்கத் தேவையில்லை என்பதற்கு அடையாளமாகத்தான் அந்த வாலை வெட்டினார்கள்.

இப்படி இறங்கி நின்று பார்த்தவர்களில் ஒருவர் டெக்சாஸ் மாநிலத்தின் எல்.டி. குக். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானி. புல்தரையையே ஓடுபாதையாக வைத்திருந்தவர். 1967-இல் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு ஏரோங்கா என்ற சிறு விமானத்தில் கற்றுக்கொடுத்துத் தனியாக அனுப்பினார். அந்தப் பையன் செஸ்லி சல்லன்பெர்கர். 2009 ஜனவரி 15-ஆம் தேதி இரண்டு இன்ஜின்களும் பறவை மோதி அணைந்துபோக, நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏர்பஸ் விமானத்தை இறக்கி 155 பேரையும் கரை சேர்த்தவர். அப்போது குக் உயிரோடு இல்லை. சல்லன்பெர்கர் தம் நூலில் அவரை மறக்காமல் நினைவுகூர்கிறார். ஊர்க்கோடியில், யாருக்கும் தெரியாமல் வேலை செய்யும் முதல் ஆசிரியரின் பங்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

உடம்பு என்ன சொல்கிறது

வயது ஏறினால் கண், காது, இதயம் மூன்றும் கணக்குக் கேட்கும். இதை மறைத்து எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். அமெரிக்காவில் சாதாரண விமானியின் மருத்துவச் சான்று 40 வயதுக்குள் இருப்பவருக்கு 5 ஆண்டு செல்லும். 40-ஐத் தாண்டினால் 2 ஆண்டுதான். 2017 மே மாதத்திலிருந்து, முன்பு சான்று பெற்றிருந்தவர்கள் குடும்ப மருத்துவரிடமே 4 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு சிறு விமானங்களை ஓட்ட ‘பேசிக்மெட்’ என்ற எளிய வழி வந்தது. பயிற்றுநர்களுக்கும் அது பொருந்தும்.

இன்னொரு விதி முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல். மாணவரே உரிமம் பெற்ற விமானியாக இருந்து, அந்தப் பறத்தலுக்கு அவரே பொறுப்பேற்றால், பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுப்பவருக்குப் பொதுவாக மருத்துவச் சான்று வேண்டியதில்லை. தாமாக ஓட்டும் உரிமை போனபிறகும் கற்றுக்கொடுக்கும் உரிமை மிஞ்சுகிறது. அனுபவத்தை வீணாக்காத நல்ல விதி இது. ஆனாலும் 70-ஐத் தொட்டவர்களிடம் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் நிபந்தனைகள் வைக்கின்றன. பயிற்றுநர் மணிக்கணக்கில் கூலி பெறுபவர்; மழை பெய்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஓய்வூதியமோ வேறு வருமானமோ இல்லாமல் இதை மட்டும் நம்பி இறங்குவது சரியாக வராது.

எவ்வளவு காலம் முடியும்? ராபினா ஆஸ்டி என்பவர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் கேட்டலினா விமானங்களை ஓட்டியவர். ஆணாகப் பிறந்து, 1970-களில் பெண்ணாக மாறியவர். கணவர் இறந்தபின், மனைவிக்குரிய சலுகைத் தொகை மறுக்கப்பட்டபோது எதிர்த்துப் போராடி 2014-இல் வென்றவர். அவர் 2020-இல் தம் 99-ஆவது வயதில் வானேறி, உலகிலேயே மூத்த விமானப் பயிற்றுநர் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம், நூறாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது காலமானார்.

நம் ஊரில் இந்தக் கனவு இருப்பவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதன்பிறகு டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் முதலில் துணைப் பயிற்றுநர் தகுதியையும், அனுபவம் சேர்ந்தபின் முழுப் பயிற்றுநர் தகுதியையும் தருகிறது. மருத்துவத்தில் இரண்டு படிகள்: முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு வணிக உரிமத்துக்கான முதல் வகுப்புச் சான்று. செலவு லட்சங்களில் போகும். நாற்பதைக் கடந்தவர்கள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் சரி, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் மருத்துவப் பரிசோதனையை முடித்து, முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.